தம்பிக்கு நான் அடித்த ரிப்போர்ட்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வலி எப்படி இருந்தது என்றுதான் கேட்டார்கள். வலியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. வந்தவர்களுக்கு அதைக் கேட்கத் தெரியாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் என் தம்பி செந்திலுக்கு ஒரு கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தேன். அதிலிருந்த எண்கள் அவன் ரத்தத்தில் இருந்தவை அல்ல. நானாகப் போட்டவை.

மல்லசமுத்திரத்தில் ஒரு சின்ன லேபில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் நான்தான். முதலாளி சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஊருக்குள் எனக்கு லேப்காரக்கா என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு, அதை என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு, "டீ மட்டுந்தானுங்க" என்று வந்து நிற்பவர்களை நான் விட்டதே இல்லை. "டீயில பாலும் சக்கரையும் இல்லீங்களா, வெறும் காத்தையா குடிச்சீங்க?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்பேன். புரட்டாசி முடிகிற வாரம் எங்கள் லேபில் கூட்டம் அள்ளும். ஒரு மாதம் கறி தின்னாமல் இருந்த தைரியத்தில் கொலஸ்ட்ரால் பார்க்க வருவார்கள். ரிப்போர்ட்டில் மார்க் வாங்குவதற்காகவே விரதம் இருக்கிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். அவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான்.

அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும். மொத்தம் ஐந்து வரி. முதலில் மொத்தக் கொலஸ்ட்ரால். அடுத்தது ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் மிதக்கிற கொழுப்பு. நாம் தின்று செலவழியாத சோறும் எண்ணெயும் சாராயமும் எல்லாம் கடைசியில் இதில்தான் வந்து சேரும். பிறகு நல்லது என்கிற எச்.டி.எல்., கெட்டது என்கிற எல்.டி.எல்., கடைசியாக வி.எல்.டி.எல். பக்கத்தில் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு அளவு அச்சாகியிருக்கும். தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும். ட்ரைகிளிசரைடுக்கு நூற்றைம்பதுக்குள் இருந்தால் நல்லது, ஐந்நூறைத் தாண்டினால் மிக அதிகம்.

ஐந்து வரி இருந்தாலும் எங்களைப் போன்ற சின்ன லேபில் மூன்றைத்தான் அளக்கிறோம். எல்.டி.எல்.லும் வி.எல்.டி.எல்.லும் கணக்கு. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் வி.எல்.டி.எல். மொத்தத்திலிருந்து நல்லதையும் அதையும் கழித்தால் எல்.டி.எல். கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். ஆனால் ட்ரைகிளிசரைடு நானூறைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் வரும், கீழே கணக்கிட இயலாது என்று ஒரு குறிப்பு இருக்கும். பார்க்கிறவர்கள் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஐந்து வரியிலும் அதிகம் பயப்பட வேண்டியது அந்தக் கோட்டுக்குத்தான்.

செந்தில் போர்வெல் ரிக்கில், அதாவது ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற லாரியில், டிரில்லர். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் வடக்கே சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று காட்டிலும் மேட்டிலும் இருப்பான். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது ஊருக்கு வருவான். ஐப்பசி பிறந்ததும் வண்டி திரும்பக் கிளம்பும். கிளம்புவதற்கு முன்னால் கருப்பனார் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டுக் கிடா வெட்டி விருந்து வைப்பது வழக்கம். போன ஐப்பசியில் ரிக் முதலாளி புதிதாக ஒன்று சொல்லிவிட்டார், நாற்பது தாண்டியவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று. செந்தில் அதை மறந்தே போய்விட்டான். விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு ஞாபகம் வந்து, விடிகாலை ஆறு மணிக்கு லேபில் வந்து கையை நீட்டினான். ஒன்பது மணிக்குள் நல்ல நேரம், அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும்.

ரத்தத்தைக் குழாயோடு மெஷினில் வேகமாகச் சுற்றவிட்டு எடுத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர், அதாவது சீரம், நிற்க வேண்டும். அவனுடைய குழாயில் கொழுப்பு மிதந்து பால் போல நின்றது. அளக்கிற மெஷினில் வைத்தேன், தன்னால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. அப்படி வந்தால் சலைன் கலந்து நீர்க்கவைத்துத் திரும்ப ஓட்டி, வருகிற எண்ணைக் கலந்த மடங்கால் பெருக்கிச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

ராத்திரி கறி தின்றிருக்கிறான், அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வேளைக் கறிக்கு ரத்தம் அந்த அளவுக்கு வெளுக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொண்டேன். வெளியே வண்டிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். பயணம் கிளம்புகிறவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம். அவன் கண்ணாடிக் கதவைத் தட்டி, "அக்கா, ஆச்சா? எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க" என்றான். மொத்தம் நூற்று எண்பத்திரண்டு, நல்லது நாற்பத்திரண்டு, ட்ரைகிளிசரைடு நூற்று நாற்பத்தெட்டு என்று அடித்தேன். மூன்று பொய்யை நான் கொடுத்தேன், மீதி இரண்டையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு எண்கூடத் தடித்த எழுத்தில் வரவில்லை, கோடும் இல்லை. முதலாளி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தாள் ஒன்றில் அச்செடுத்து, "எல்லாம் நார்மல் சாமி, போயிட்டு வா" என்று கொடுத்தேன். குழாயைக் குப்பையில் போட்டேன். அடுத்த முறை வரும்போது சரியாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அதை நினைக்கவே இல்லை.

தை மாதம் ஒரு காலையில் எனக்கு அந்த வலி வந்தது. லேபில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேல் வயிற்றில் யாரோ முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி ஆரம்பித்து, முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போனது. வாந்தி எடுத்தேன். ஒரு மாதமாகவே சாப்பிட்டதும் அங்கே வலித்துக்கொண்டிருந்ததை கேஸ் மாத்திரை போட்டு மறைத்து வந்தவள் நான். கை நீட்டிக்கொண்டிருந்த பெரியவரே எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெட்டிக்கொண்டிருந்தவர், சேற்றுக் காலோடு வந்து வேன் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் தலையைத் தொடையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் ரத்தம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் குழாயை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். நான் ஆயிரம் முறை சாய்த்துப் பார்த்த அதே பார்வை. ரத்தம் தக்காளிச் சட்னியில் பால் ஊற்றின நிறத்தில் இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "நேத்து எண்ணெய்ப் பலகாரம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். ராத்திரி ஒரு தோசை, அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்றேன். நம்புவாளோ மாட்டாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். நம்பினாள். என் லேபில் நான் யாரையும் அப்படி நம்பியதில்லை.

கணைய அழற்சி என்றார்கள். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் வீங்கிப் புண்ணாவது. செரிமானத்துக்கு அது சுரக்கிற நீர் அதையே அரிக்க ஆரம்பிக்கும். பித்தப்பைக் கல்லால் வரலாம், குடியால் வரலாம், ரத்தத்தில் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டினாலும் வரலாம். ஸ்கேனில் கல் இல்லை. சர்க்கரை இருந்தது, எனக்கே தெரியாமல். ஊருக்கெல்லாம் பார்க்கிறவள் என் விரலில் ஊசி வைத்து நாலு வருஷமாகியிருந்தது. சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல அதை என்னிடமே நீட்டினார். ட்ரைகிளிசரைடு இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். கீழே, சீரம் பால் போல உள்ளது என்று ஒரு குறிப்பு. எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் கோடு.

அதைப் பார்த்ததும் எனக்கு என்னைப் பற்றிய நினைப்பு வரவில்லை. செந்திலின் குழாய்தான் கண்ணுக்குள் வந்தது.

அன்றிலிருந்து ஆறு நாள் ஆஸ்பத்திரி. முதல் மூன்று நாள் வாய்க்கு ஒன்றும் கிடையாது. கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் இன்சுலின். கொழுப்பை வேகமாக இறக்க இன்சுலின் உதவும், ஆனால் சர்க்கரையும் கூடவே இறங்கிவிடும் என்பதால் மணிக்கு ஒரு முறை விரலில் குத்துவார்கள். குத்துகிற இடமெல்லாம் கன்றிப்போய், இத்தனை வருஷம் அடுத்தவர்களிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதானுங்க" என்று சொல்லிவந்ததை நினைத்துக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரி இல்லை.

கூட இருந்து பார்த்துக்கொண்டது கவிதா, செந்திலின் மனைவி. பிள்ளைகளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கேட்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு உடம்பு துடைத்தாள், தலை பின்னினாள், உதடு காய்ந்தால் ஈரத் துணியை வைத்தாள். நான் சாப்பிட முடியாமல் கிடக்கிறேன் என்று அவளுடைய சோற்றுப் பாத்திரத்தை அறைக்குள் திறக்கவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, வாசனை வராமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவாள். என் வீட்டுக்காரர் காலையில் வந்து கட்டில் ஓரத்தில் நின்றுவிட்டு, கிழங்கு மில்லுக்கு ஏற்ற வேண்டும் என்று ஓடுவார். ஒரு நாள் எனக்கு ஆஸ்பத்திரித் தலையணை ஒத்துக்கொள்ளாது என்று வீட்டுத் தலையணையை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். பொறுமையான மனிதர். என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஏறியிருக்குன்னா சர்க்கரை மட்டும் காரணமா இருக்காது. பரம்பரையிலயும் இருக்கலாம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களும் கண்டிப்பா ஒரு தடவை பாத்துக்கணும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். "ஒரே தம்பிதானுங்க டாக்டர், என்ற ஊட்டுக்காரரு. அவருக்கு ஐப்பசியிலயே அண்ணி பாத்துட்டாங்க. எல்லாம் நார்மலுங்க. ரிப்போர்ட்டு என்ற போன்ல இருக்குதுங்க" என்று எடுத்துக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் அடித்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே. அப்ப அவருக்கு இப்போதைக்குப் பயமில்லை" என்றார்.

"அண்ணி பாத்தா தப்பே வராதுங்க" என்றாள் கவிதா. அவள் முகத்தில் பெருமை. எனக்காகப் பெருமைப்படுகிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், வலி என்று நினைத்து நர்ஸ் மருந்து போட்டாள். அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, கவிதா பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் போய்விட்டால் எனக்கு உடம்பு துடைக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். என் தம்பி ஆஸ்பத்திரியே இல்லாத காட்டில், ரத்தத்தில் பாலை வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் பசங்களோடு குடித்துக்கொண்டு இருக்கிறான். நான் என் முதுகைத் துடைக்க ஆள் வேண்டும் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு நாள் முழுக்க அப்படியே போனது. மூன்றாம் நாள் மத்தியானம், கவிதா ஜன்னலோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் செந்தில்.

"மறுக்காவும் வவுத்து வலியா? எப்பப் பாத்தாலும் பாய் கடையில காரமாத் தின்னா வலிக்காம என்ன பண்ணும்? கேஸா இருக்கும், சோடா குடிங்க. அதான் அண்ணி எல்லாம் பாத்து நார்மலுன்னு சொல்லீட்டாங்கள்ல."

"கவிதா, போனக் குடு" என்றேன்.

"நீங்க பேசக்கூடாதுங்க அண்ணி, மூச்சு வாங்குது."

"குடுறி. அந்த ரிப்போர்ட்டு பொய்யி."

அவளுக்குப் புரியவில்லை. மருந்து மயக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் பால் நின்றது, மெஷின் எல்லை தாண்டியது, நல்ல நேரம் போகிறதே என்று நானே எண்களைப் போட்டது, எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முடித்ததும் அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டு போனை என் காதில் வைத்தாள். செந்தில் இன்னும் இணைப்பில் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அக்கா," என்றான். "பசங்க போன மாசமே ஆஸ்பத்திரி போலாம்னாங்கக்கா. ரெண்டு மட்டம் வலி வந்துச்சு. நாந்தான் ரிப்போர்ட்டக் காட்டி, எங்கக்காவே பாத்துருக்குது, உங்களுக்கென்னடா தெரியும்னு ஏசிப்போட்டேன்."

"சாமி, இன்னிக்கே கெளம்பு. குடிக்காத. எண்ணெய் தொடாத. நாளைக்கு வெடிஞ்சதும் எந்த ஊர்ல லேப் இருக்குதோ அங்க போய் ரத்தம் குடு. வலி வந்தா லேபுக்குப் போவாத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு" என்று அழுதுகொண்டே சொன்னேன். சரிக்கா என்றான். திட்டியிருந்தால் தேவலை. நீ எப்படி இருக்கறே என்று கேட்டுவிட்டு வைத்தான்.

செந்தில் இப்போது ஊரில்தான் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், குடியை விட்டுவிட்டான். இந்த வருஷம் ரிக்குக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் முதலாளியிடமும் சொன்னேன். அவர் பயந்துபோய், வெளியில் பேசாதே என்றார், வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பதை நிறுத்திக்கொண்டார். ரிப்போர்ட் அடிக்கிற வேலைக்கு வேறு ஆள் பாருங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். ரத்தம் மட்டும் எடுக்கிறேன். பால் போல நிற்கிற குழாயைக் கண்டால் யாரிடமும் என்ன தின்றீர்கள் என்று கேட்பதில்லை, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, இதைக் கலந்து ஓட்டிப் பார்த்துச் சரியான எண்ணைச் சொல்லுங்கள் என்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது நாலாம் நாள் நடந்ததை.

கவிதா பையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலமும் உடம்பு துடைத்தாள், மறுநாள், நாலாம் நாள் காலையிலும் தலை பின்னினாள். பேச்சு மட்டும் குறைந்துபோனது. எனக்கு முதன்முதலாக வாய்வழியாகக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் போனில் சத்தம் வந்தது. செந்தில் அங்கே ஏதோ ஒரு ஊரில் எடுத்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கவிதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எண்களைப் படிக்க அவளுக்குத் தெரியும், எதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது.

பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். பழக்கத்தில், சலைன் ஊசி ஏறியிருந்த என் கையை அவளை நோக்கி நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு, என்னைக் கடந்து, கதவருகே மருந்து வண்டியோடு நின்ற நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு உண்மையச் சொல்லிருங்க."

நர்ஸ் சத்தமாகப் படித்தாள். ட்ரைகிளிசரைடு ஆயிரத்து அறுநூறு. எல்.டி.எல். போடவில்லை, கோடுதான் இருக்கிறது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள், இவரை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள் என்றாள். கவிதா தலையாட்டிக்கொண்டு போனில் யாரையோ கூப்பிட்டுப் பேசினாள். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஆறிப்போன கஞ்சித் தண்ணீரை எடுத்தாள்.

"வாயத் தொறங்க அண்ணி" என்றாள்.

நீட்டிய கையை அப்போதுதான் மடக்கினேன்.